பாதி உருண்டை

ஜனவரி 30, வெள்ளி

இவ்வளவும் நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னவன் நான் ஒருவன்தான். நாளைக்கு வேறு எவனும் வந்து உரிமை கொண்டாடக் கூடாது என்பதற்காக முதல் பக்கத்திலேயே எழுதிவைக்கிறேன். சாமி படம் ஒட்டலாம் என்று இந்தப் பக்கத்தைச் சும்மா விட்டிருந்தேன். தோதான படம் கிடைக்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

பொட்டல்வலசைப் பள்ளிக்கூடம் மூடப்படும், தமயந்தி டீச்சரின் வேலைக்கு ஆபத்து வரும், ஊர் ரெண்டாகும் என்பதெல்லாம் போன நவம்பரிலேயே எனக்குத் தெரியும். டீச்சரை முதல்நாள் பார்த்தபோதே தெரியும். என் நாக்கு அப்படி. தீப்பெட்டி ஆபீசில் நான் கிட்டத்தட்ட மேனேஜராக இருந்த காலத்தில், முதலாளி மகன் ஓடிப்போவான் என்று ஒரு வாரத்துக்கு முன்பே சொன்னேன். நாள்கூடத் தப்பவில்லை.

திங்கட்கிழமை என் அக்கா மகள் செண்பகவல்லி வந்து இந்த டைரியை வாங்கிக்கொண்டு போகிறாள். செவ்வாய்க்கிழமை டீச்சர்மேல் விசாரணை. அங்கே இதைச் சாட்சியாகக் கொடுக்கப்போகிறாளாம். பெரிய பெரிய அதிகாரிகள் படிப்பார்கள். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் ஒன்பதாம் வகுப்பு. கணக்கு வாத்தியாருக்கு என்மேல் பொறாமை இருந்ததால் பத்துக்குப் போக முடியவில்லை.

இப்படிக்கு, மு. அணைஞ்சபெருமாள், ஆராய்ச்சி உதவியாளர்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று முதல் நான் ஆராய்ச்சியில் இருக்கிறேன். செண்பகம் பி.எட். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். முனைவர் பட்டத்துக்கு எழுதுகிறாள். நல்ல குணங்களை ஓர் ஆசிரியர் வாயால் சொல்லாமல், உட்காருவது, நிற்பது, கொடுப்பது, வாங்குவது இவற்றைக்கொண்டே பிள்ளைகளுக்குள் இறக்கிவிட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று நான் கேட்டவுடனே சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் அப்படி ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். கண்ணால் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டுமாம்.

டவுனிலிருந்து பொட்டல்வலசை பதினோரு கிலோமீட்டர். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மூன்று மாசமாகச் செண்பகம் அந்த பஸ்ஸில்தான் போய்வந்தாள், இனி முடியாது என்கிறாள். ஆகவே என் மொபெட்டும் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஒரே அறை, ஒரே டீச்சர், ஐந்து வகுப்பு, இருபத்து மூன்று பிள்ளைகள். இன்னொரு வாத்தியாரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். மேலத்தெருப் பிள்ளைகள் பதினான்கு, காலனிப் பிள்ளைகள் ஒன்பது. மேலத்தெரு நம் ஆட்கள். அதனால்தான் செண்பகம் அந்த ஊரில் நோட்டும் பேனாவுமாகத் திரிந்தாலும் கூப்பிட்டு மோர் கொடுக்கிறார்கள். டீச்சர் எந்த ஆட்கள் என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் "தருமபுரிப் பக்கம்" என்று ஊரையே சொன்னார்.

இந்த டைரி செண்பகம் கொடுத்தது. "சும்மா வெளிய உக்காந்து வாரவன் போறவன்ட்டப் பேசிட்டிருக்கதுக்கு, பாத்ததை எழுதுங்க மாமா. பாத்ததை மட்டும்" என்றாள்.

இன்று பார்த்தது: டீச்சருக்கு விருது நிச்சயம். டெல்லிக்குக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வேண்டுமானால் எழுதித் தருகிறேன்.

நவம்பர் 5, புதன்

தமயந்தி டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. நாற்காலி ஒன்று இருக்கிறது. அதில் வருகைப் பதிவேட்டை வைத்திருக்கிறார், உட்காருவதில்லை. பிள்ளைகள் தரையில் இருந்தால் அவரும் தரையில். ஒரு பிள்ளை நோட்டைக் கொண்டுவந்தால் குனிந்து இரண்டு கையாலும் வாங்குகிறார். திருத்திவிட்டு இரண்டு கையாலும் கொடுக்கிறார். மேலத்தெருப் பிள்ளைக்கும் அப்படித்தான், காலனிப் பிள்ளைக்கும் அப்படித்தான். விரலில் விரல் படுகிறது. செண்பகம் மூலையில் இருந்துகொண்டு, ஒவ்வொரு தடவை குனியும்போதும் ஒரு கோடு போடுகிறாள். இன்றைக்குத் தொண்ணூற்றிரண்டு கோடு.

எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இடைவேளையில் நானே பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பெரியவர்கள் சொல் கேட்க வேண்டும், அடுத்தவர் பொருளைத் தொடக் கூடாது என்று நாலு நல்ல வார்த்தை சொன்னேன். நடுவில் சுவாரசியத்துக்காக, அந்த ஊர்க் கண்மாயில் நான் முதலையோடு கட்டிப் புரண்ட சம்பவத்தையும் சேர்த்துக்கொண்டேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டன. சிந்து என்கிற காலனிப் பெண், நாலாம் வகுப்பு, அது மட்டும், "எங்க கம்மாயில மொதல ஏது தாத்தா?" என்று கேட்டது. விதண்டாவாதம்.

நவம்பர் 6, வியாழன்

மழை. போகவில்லை. உளுந்தவடை நன்றாக வந்திருந்தது.

நவம்பர் 12, புதன்

மதியச் சாப்பாட்டை எழுதச் சொன்னாள். எழுதுகிறேன்.

பிள்ளைகள் வட்டமாக உட்காருகின்றன. பெயர் வரிசைதான், தெரு வரிசை கிடையாது. அதனால் கனிஷ்காவுக்கு அடுத்து சிந்து. கனிஷ்கா மேலத்தெரு வெயிலுகந்தானின் மகள். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து தனக்கு அடுத்த பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு உட்கார வேண்டும். கடைசியில் இருப்பதிலேயே சின்னப் பிள்ளை டீச்சருக்குப் போடும். பாதி கீழே சிந்தும். டீச்சர் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இருப்பார்.

நாலு வருஷத்துக்கு முன்பு மேலத்தெருப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவந்து சுவரோரமாகத் தனியே உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். தினமும் காலனிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாராம், அவ்வளவுதான். ஒரு வருஷம் கழித்து ஒரு பிள்ளை தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு வட்டத்தில் வந்து உட்கார்ந்தது. அதற்கடுத்த வருஷம் தூக்குவாளி வருவதே நின்றுபோனது.

வீட்டுக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லையா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"கேட்டா நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால கேக்கிறதில்லைங்க ஐயா" என்றார். "நான் எதையும் சொல்லிக் கொடுக்கலை. சொன்னா பிள்ளைங்க வீட்ல போய் ஒப்பிக்கும். ஒப்பிச்சா வம்பு. நான் பாட்டுக்கு உக்காந்து சாப்பிடுறேன்."

இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு ஊருக்குத் தெரியாமல் மூடி வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்லதை நாலு பேரிடம் சொன்னால்தானே பரவும்? டீச்சருக்கு விவரம் போதாது.

நவம்பர் 20, வியாழன்

வெயிலுகந்தானுக்கு ஊரில் பெரிய மளிகைக் கடை இருக்கிறது. அந்த ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். கடைக்கு முன்னால் ஒரு பலகை கிடக்கும். காலனிக்காரர்கள் எது கேட்டாலும் அதில்தான் வைப்பார். அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுப்பது கிடையாது. அப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் நானும் செண்பகமும் அங்கே கலர் குடித்துக்கொண்டு நின்றோம். வெயிலுகந்தான் உள்ளே போயிருந்தார். கடையில் கனிஷ்கா. சிந்து வந்து சீயக்காய்ப் பொட்டலம் கேட்டது. கனிஷ்கா எடுத்தது, பலகைப் பக்கம் போகவில்லை, குனிந்து இரண்டு கையாலும் சிந்துவின் கையில் கொடுத்தது. சிந்துவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. ரெண்டு பிள்ளைக்கும் அதில் ஒன்றும் விசேஷம் இல்லை. சிந்து போய்விட்டது. கனிஷ்கா வெல்லத்தின்மேல் இருந்த ஈயை விரட்டியது.

செண்பகம் கலர் பாட்டிலைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். திரும்பி வரும்போது மொபெட்டில் என் முதுகுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"மூணு வருசமா இதத்தான் மாமா தேடிட்டிருந்தேன். அதுக்கே தெரியாம அது கையில வந்திருக்கு. இத யார்ட்டயும் சொல்லிராதிய."

சொல்வதற்கு என்ன இருக்கிறது? சீயக்காய்ப் பொட்டலம். இதை வைத்துக்கொண்டா பட்டம் வாங்கப்போகிறாள் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் கேட்டால் சிரிப்பார்கள். இன்னும் பலமான சம்பவம் வேண்டும்.

நவம்பர் 27, வியாழன்

செண்பகம் நேற்றே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டை நான் போய்ப் பார்த்து எழுதிவைக்க வேண்டும் என்று உத்தரவு. வழியில் மொபெட் பஞ்சர். ஒட்டுகிறவன் சாப்பிடப் போயிருந்தான். இருந்தாலும் நான் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன்.

டீச்சர் கனிஷ்காவையும் சிந்துவையும் எதிரெதிராக உட்காரவைத்தார். சாம்பார் சோற்றைப் பிசைந்து எலுமிச்சம்பழ அளவுக்கு, இல்லை, அதைவிடப் பெரிது, ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஓர் உருண்டை பிடித்தார். முதலில் சிந்துவிடம் நீட்டினார். சிந்து பாதி கடித்தது. மீதிப் பாதியை டீச்சர் கனிஷ்காவின் வாயில் வைத்தார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கோயில் பிரசாதம் மாதிரி விழுங்கியது. இருபத்து மூன்று பிள்ளைகளும் கை தட்டின. டீச்சர் கண்ணில் தண்ணீர். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு மயில் அகவியது.

திரும்பும்போது பரமன் டீக்கடையில் இதைச் சொன்னேன். எட்டு பேர் இருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் டீக்கடையே அசந்துபோனது. வெயிலுகந்தான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவ்வளவு மனம் இளகிவிட்டது.

நவம்பர் 28, வெள்ளி

செண்பகம் வந்ததும் சொன்னேன். நோட்டை எடுத்துவிட்டாள். ஆனால் எழுதவில்லை.

"டீச்சர் அப்படிச் செய்யமாட்டாங்களே மாமா. யாரையும் எதுவும் செய்ய வைக்கவே மாட்டாங்க. நீங்க பாத்தியளா?"

பார்த்தேன் என்றேன்.

"பஞ்சர் ஒட்டிட்டு எப்பப் போனிய?"

பெரியவனிடம் மணி கேட்கிறாயா என்று சத்தம் போட்டேன். உன் அம்மா கல்யாணத்தில் தாலிக்குத் தங்கம் வாங்க மதுரைக்கு நடந்தே போய் வந்தவன் நான், என்னிடம் கேள்வி கேட்கிறாயா என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தாள். எழுத எழுத முகம் மாறியது. இது மட்டும் உண்மையானால் தனி அத்தியாயமே எழுதலாம் என்றாள். உண்மைதான் என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மேலத்தெருப் பிள்ளைகள் பதினான்கில் ஒன்றுகூட வரவில்லை. ஏதாவது கோயில் விசேஷமாக இருக்கும்.

டிசம்பர் 1, திங்கள்

இன்றும் பதினான்கு பேரும் வரவில்லை. டீச்சர் வட்டத்தில் ஒன்பது பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இடைவெளி இடைவெளியாக இருந்தது. பிள்ளைகள் நெருங்கி உட்காரவில்லை. அவரவர் இடத்திலேயே இருந்தன.

வெற்றிலை வாங்க வெயிலுகந்தான் கடைக்குப் போனேன். உள்ளே கதவுக்குப் பின்னால் கனிஷ்கா துணியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. பல்வலியாம். துணி விலகினபோது உதட்டோரம் கரண்டிக் காம்பு அகலத்துக்குக் கறுத்திருந்தது. பல்வலிக்கு ஏதாவது பச்சிலை அரைத்துத் தடவியிருப்பார்கள். கிராம்பை நசுக்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வெயிலுகந்தான் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவருக்கும் மகள் வலி பொறுக்கவில்லை போல.

டிசம்பர் 3, புதன்

ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கல்வி அதிகாரிக்கு மனு கொடுத்துவிட்டார்கள். எச்சில் சோற்றைப் பிள்ளைக்குப் பலவந்தமாக ஊட்டினாராம் டீச்சர். பலவந்தம் என்று நான் சொல்லவே இல்லை. கை தட்டியதைச் சொன்னேன், மயிலைக்கூடச் சொன்னேன். அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். ஒரு விஷயத்தை முழுதாகக் கேட்கிற பொறுமை யாருக்கும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னிடம் வந்தார்.

"ஐயா, அன்னைக்கு நீங்க வந்தீங்களா?"

"வந்தேனே. ஜன்னலோரமா நின்னேன். நீங்க வேலையில இருந்திய, கவனிக்கல."

"எந்த ஜன்னல்?"

தெற்கு ஜன்னல் என்றேன். டீச்சர் தெற்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஜன்னல் இல்லை. கரும்பலகை இருந்தது. என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விட்டார். திசையில் எனக்குக் கொஞ்சம் குழப்பம் வரும். அதற்காக ஒரு மனிதனை அப்படிப் பார்க்கக் கூடாது.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று கல்வி அதிகாரி வந்து விசாரித்தார். எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். வருகைப் பதிவேட்டைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, டீச்சரின் அந்த நாற்காலியைத்தான் போட்டார்கள். அதிகாரி என்னை "சார்" என்றார். என் வாழ்க்கையில் தாசில்தார், கலெக்டர் எல்லோரும் என்னை அப்படி அழைத்ததுண்டு. இருந்தாலும் டைப் அடிக்க ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் சொல்லச் சொல்ல அது எழுத்தாக வருவது ஒரு தனி விஷயம்.

"நீங்க நேர்ல பாத்ததா?" என்று கேட்டார்.

பொய்யாய் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்கிற மாதிரி அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பேனாவைக்கூட மூடி வைத்திருந்தார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள், ஊர்க்காரர்கள் வாசலில், டீச்சர் சுவரோரம், என் அக்கா மகள் மூலையில்.

"ரெண்டு கண்ணாலயும்" என்றேன்.

மூன்று பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் அன்போடுதான் ஊட்டினார் என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னேன். அவருக்கு என்னால் முடிந்த உதவி.

சிந்துவைக் கேட்டார்கள். "இல்ல சார், எங்க டீச்சர் யாருக்கும் ஊட்டமாட்டாங்க, எல்லாரும் அவங்கவங்க கையாலதான் திங்கோம்" என்றது. கனிஷ்காவை அதன் அப்பா தோளில் கைவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு அது தலையை ஆட்டியது. வாய் திறக்கவில்லை.

பிறகு செண்பகம் எழுந்தாள். டீச்சர் செய்தது தப்பில்லை, அது உயர்ந்த கல்வி முறை, தன் ஆராய்ச்சியிலேயே முக்கியமான சம்பவம் அதுதான் என்று பேசினாள். கல்லூரியில் பேசுகிற மாதிரி தெளிவாகப் பேசினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

டீச்சர் அவளிடம்தான் பதில் சொன்னார், அதிகாரியிடம் இல்லை.

"நான் செய்யலம்மா. செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்லமாட்டேனா? நாலு மாசமா என் பக்கத்துல உக்காந்திருந்தீங்களே. நீங்க பாத்தீங்களா?"

"எங்க மாமா பாத்தாங்க" என்றாள் செண்பகம்.

டிசம்பர் 10, புதன்

டீச்சரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

டிசம்பர் 24, புதன்

அரையாண்டு விடுமுறை. மொபெட்டுக்கு ஆயில் மாற்றினேன். புடலங்காய் மலிவாக இருந்தது, வாங்கிப் போட்டேன்.

பொட்டல்வலசைச் செய்தி: மேலத்தெருப் பிள்ளைகள் டவுனில் பிரைவேட் ஸ்கூலுக்கு வேனில் போகின்றன. காலனிப் பிள்ளைகள் ஒன்பதுக்காக ஒரு பள்ளி நடத்த முடியாது என்று, நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். நாலுவழிச் சாலையைத் தாண்டிப் போக வேண்டும். லாரி வருகிற வேகத்துக்குப் பெரியவர்களே தாண்ட முடியாது. ஆறு பிள்ளைகள் நின்றுவிட்டன. சிந்து அவள் அம்மாவோடு மிளகாய் பறிக்கப் போகிறாள் என்று பரமன் சொன்னார். பிள்ளைக்குக் காற்றாட இருக்கும்.

டீக்கடையில் இப்போதெல்லாம் நான் போனால் பேச்சு நிற்கிறது. மரியாதை கூடிவிட்டது.

ஜனவரி 8, வியாழன்

டீச்சர் டவுனில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். செண்பகம் பொங்கலுக்கு முன்னால் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். இத்தனை மாசக் குறிப்புகளில் டீச்சரைப் பற்றிய பக்கங்களைப் பிரதி எடுத்துக் கட்டாகக் கட்டி எடுத்து வந்திருந்தாள். படித்தால் டீச்சருக்கு நம்பிக்கை வரும் என்று.

டீச்சர் கிரில் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமே நின்றார். இன்னும் ஒல்லியாகிவிட்டார். செண்பகம் கட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கீழ வச்சிட்டுப் போங்க" என்றார் டீச்சர்.

செண்பகம் நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குனிந்து படியில் வைத்தாள். மொபெட்டில் ஏறினபிறகு, "டீச்சர் பயந்துட்டாங்க மாமா, அதான் செஞ்சதையே இல்லங்காங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. பிப்ரவரி 3. பலவந்தமாக ஊட்டியது உறுதியானால் டீச்சருக்கு வேலையே போய்விடும், பென்ஷனும் சந்தேகம் என்கிறாள் செண்பகம். அவள் அத்தியாயமும் முடிந்துவிட்டது. நாற்பது பக்கம். உருண்டையைப் பற்றியே எழுதியிருக்கிறாள். சீயக்காய்ப் பொட்டலம் ஒரு பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போய்விட்டது. நான் அன்றைக்கே நினைத்தேன்.

அவளுக்கு ஒரு யோசனை. என் டைரி அன்றைய தேதியில் அன்றே எழுதியது. அதில் பிள்ளைகள் கை தட்டியது இருக்கிறது, கனிஷ்கா பிரசாதம் மாதிரி சாப்பிட்டது இருக்கிறது. பலவந்தம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? "உங்க டைரிதான் மாமா டீச்சரக் காப்பாத்தப்போகுது" என்றாள்.

ஜனவரி 31, சனி

பொட்டல்வலசைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை நான் சாட்சி சொல்லப்போவதை டீக்கடையில் சொல்லலாம் என்று போனேன். பரமன் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எழுந்துகொண்டார்கள்.

வெற்றிலை வாங்க வெயிலுகந்தான் கடைக்குப் போனேன். அவர் இல்லை. கனிஷ்கா இருந்தது. வெற்றிலையை எடுத்துப் பலகையில் வைத்தது. எனக்கும் பலகைதான். உதட்டோரத்திலிருந்து கன்னம்வரை தோல் பளபளவென்று இழுத்திருந்தது. பேசினால் நாக்கு சரியாகப் புரளவில்லை.

"தாத்தா."

"என்ன பிள்ள."

"நான் எப்பத் தின்னேன்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அது பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னது.

"அப்பா, தின்னேன்னு சொல்லுதாவ. சிந்து, நீ திங்கவே இல்லன்னு சொன்னா. எனக்கு ஞாபகமே வரல. நீங்கதான் பாத்தியளாமே. எப்பத் தின்னேன்?"

"அன்னைக்குத்தான் பிள்ள. வியாழக்கிழம. சாம்பார் சோறு" என்றேன். என் வாய் அதுபாட்டுக்குச் சொன்னது.

"நான் துப்பலையா?"

"இல்ல. முழுங்கிட்ட."

பிறகு தலையை ஆட்டிக்கொண்டது.

"அப்பன்னா அப்பா சூடு போட்டது சரிதான்" என்றது. கல்கண்டு டப்பாவை எடுத்து மூடியை இறுக்கி மூடி, பழைய இடத்தில் வைத்தது.

வெற்றிலையை எடுக்காமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

சாப்பிடவில்லை. கறி எடுத்திருந்தார்கள்.

நவம்பர் 27-ஆம் தேதிப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பிளேடு எடுத்தேன். கிழித்தால் டைரி சும்மா இருக்கும், செண்பகம் என் வாயை நம்புவாள், நான் கையெழுத்துப் போட்ட மூன்று பக்கமும் ஆபீசில் அப்படியே இருக்கும். அதனால் கிழிக்கவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு அவள் வருவாள். படித்துவிட்டு அவள் அந்த நாற்பது பக்கத்தை என்ன செய்வாளோ, என்னை என்ன செய்வாளோ எனக்குத் தெரியாது. டீச்சரிடம் இதை யார் போய்ச் சொல்வது என்றும் தெரியாது. கனிஷ்காவிடம் நான் போக வேண்டும்.

இது விசாரணை அதிகாரிக்கு.

நவம்பர் 27 அன்று நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பஞ்சர் ஒட்டி முடியும்போது மணி நாலு. பரமன் கடையில் இறங்கினேன். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போயின. கனிஷ்கா எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனது. வெயிலுகந்தான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, "என்ன பெருமாள் மாமா, இன்னைக்கு என்ன ஆராய்ச்சி?" என்று கேட்டார். எட்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

டீச்சர் ஊட்டவில்லை. சிந்து கடிக்கவில்லை. கனிஷ்கா எதையும் தின்னவில்லை. உருண்டை நான் சொன்னது.